விரிஞ்சிபுரத்து வழித்துணையும் ஹாம் நகரத்துக் காமாட்சியும்

வெளியூர்ப் பயணம் என்று ஒன்று வாய்த்தால் விரிஞ்சிபுரம் சென்று மார்க்கபந்தீஸ்வரரைத் தரிசித்துவிட்டுப் புறப்படுவது எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வேலூருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் கரையில் அமைந்த திருத்தலம் அது. மார்க்கம் என்றால் வழி. பந்து என்றால் உறவினன். வழித்துணை நாதர் என்றே தமிழில் பெருமானுக்குத் திருநாமம். சென்ற ஆண்டு கோடையில் ஜெர்மனியில் இருக்கும் எங்கள் மகளைக் காணப் புறப்படுமுன், நானும் என் துணைவியாரும் ஒரு திங்கட்கிழமைக் காலையில் அங்குச் சென்றிருந்தோம்.

அன்பர்கள் பலரும் அத்தலத்தைத் தரிசித்திருப்பீர்கள். உயர்ந்த மதில்களும், கோபுரத்தைக் கடந்தவுடன் கண்ணில் படும் விசாலமான பிராகாரமும், சிங்க முகத்தோடு அமைந்த சிம்ம தீர்த்தமும், மரகதாம்பிகையின் சந்நிதியும் மனத்தை விட்டு அகலாதவை. மூலவர் சிவலிங்கத் திருமேனி சற்றே சாய்ந்திருக்கும். தந்தையை இழந்த சிறுவன் சிவசர்மன் பூசை செய்ய வந்தபோது, அவன் கைக்கு எட்டுமாறு பெருமான் தம் திருமுடியைச் சாய்த்தருளினார் என்பது தலபுராணம். மிளகு வணிகர் ஒருவர் காஞ்சிபுரம் செல்லும் வழியில் கள்வருக்கு அஞ்சி வேண்டிக்கொள்ள, பெருமானே குதிரை வீரனாக உடன் சென்று காத்தார் என்பதும் இத்தலத்தின் செய்தியே. 16-ஆம் நூற்றாண்டில் ஆரணிக்கு அருகே அடையபலத்தில் அவதரித்த அப்பய்ய தீட்சிதர் இப்பெருமான்மீது பாடிய மார்க்கபந்து ஸ்தோத்திரத்தை, பயணம் புறப்படும்போது பாராயணம் செய்வோர் இன்றும் பலர்.

பிராகாரத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாக எண்கள் பொறித்த அக்கல்லில், சரிவாகச் செதுக்கிய பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுவே மணி. சூரியன் ஒருவனைத் தவிர வேறு சக்தி எதுவும் தேவைப்படாத கடிகாரம். அன்று அந்தக் கல்லருகே நின்றபோது என் சட்டைப்பையில் கைப்பேசி இல்லை. தமிழகத் திருக்கோயில்களுக்குள் கைப்பேசி கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்ட பிறகு, கோயிலுக்குப் போகும்போது அதை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். கையில் அது இல்லாத அந்த ஒரு மணி நேரம் மனம் எவ்வளவு இலேசாக இருந்தது! ஆனால் அடுத்த மாதமே, அதே கருவி உயிரற்றுப் போனதால் அந்நிய தேசத்து ரயில் நிலையம் ஒன்றில் நான் தவித்து நிற்கப்போகிறேன் என்பதை அப்போது அறியவில்லை.

எங்கள் ஊர் ஆம்பூர். 2019-ஆம் ஆண்டு பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்திலும், பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூர் மாவட்டத்திலும் அமைந்தன. எல்லைகள் மாறினாலும் தொழில் ஒன்றே. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டுக் கப்பலேற்றிய ஊர்கள் இவை. பின்னர் குரோமியப் பதனிடுதல் வந்தது, பணமும் வந்தது, கூடவே பாலாற்றுக்குப் பெருந்துன்பமும் வந்தது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. இன்று பதனிடும் தொழிலோடு காலணித் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. விடியற்காலையில் ஆம்பூர்ச் சாலைகளில் நின்று பார்த்தால், சீருடை அணிந்த பெண்கள் வண்டி வண்டியாகக் காலணி தைக்கச் செல்வதைக் காணலாம்.

இத்தொழிலால் வெளிநாடு எங்கள் ஊருக்குப் புதியதன்று. மாதிரிக் காலணிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் சென்று திரும்புவோர் பலர். எங்கள் மருமகனும் தோல்பொருள் வடிவமைப்புப் படித்து ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரில் பணிபுரிகிறார். பிராங்க்ஃபர்ட்டை ஒட்டிய அந்நகரமும் தோல்பைகளுக்குப் பேர்பெற்ற பழைய ஊர். 1917-ஆம் ஆண்டில் தொடங்கிய தோல் அருங்காட்சியகம் ஒன்று இன்றும் அங்கே உண்டு. ஆம்பூரிலிருந்து ஆஃபன்பாக்குக்குச் செல்வதைத் தோலூரிலிருந்து தோலூருக்குச் செல்வது என்று என் துணைவியார் சொல்லிச் சிரிப்பார்.

அக்காலத்தில் எங்கள் பாட்டனார் காசிக்குச் சென்றபோது கட்டுச்சோறும், தண்ணீர்ச் சொம்பும், லாந்தர் விளக்கும், இடுப்பில் முடிந்த சில்லறையும் கொண்டு சென்றாராம். வழியில் சத்திரம் எங்கே, தண்ணீர்ப்பந்தல் எங்கே என்று முன்பே விசாரித்து வைத்துக்கொள்வார்களாம். இன்றைய பயணத்திலும் இவ்விரண்டும் மாறவில்லை, உருவந்தான் மாறியிருக்கிறது. பவர் பேங்க் என்னும் கையடக்க மின்கலம் நம் கட்டுச்சோறு. வெளிநாட்டில் கிடைக்கும் இணைய இணைப்பு நம் தண்ணீர்ப்பந்தல். விமானச் சீட்டு, தங்குமிடத்து முகவரி, வழி காட்டும் வரைபடம், மகளின் குரல், வங்கியின் குறுஞ்செய்தி ஆகிய அனைத்தும் ஒரே கருவிக்குள் அடங்கிவிட்ட காலத்தில், அக்கருவிக்குச் சோறும் தண்ணீரும் தடையின்றிக் கிடைக்கச் செய்வது முதியோராகிய நமக்கு மிக அவசியம்.

பவர் பேங்க் வாங்க ஆம்பூர்க் கடைத்தெருவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் சென்றேன். “இருப்பதிலேயே பெரியதாகக் கொடு தம்பி” என்றேன். முப்பதாயிரம் எம்.ஏ.எச். என்று அச்சிட்ட ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.

“வாத்தியாரய்யா, நீங்கள்தானே எங்களுக்குப் பெருக்கல் கற்றுக்கொடுத்தீர்கள்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்று தாளையும் பேனாவையும் நீட்டினார்.

கணக்கு இதுதான். பவர் பேங்கின்மேல் போட்டிருக்கும் எம்.ஏ.எச். எண்ணை ஆயிரத்தால் வகுத்து, 3.7 என்னும் வோல்ட் அளவால் பெருக்கினால் அதன் வாட் அவர் கிடைக்கும். பத்தாயிரத்துக்கு 37 வாட் அவர். இருபதாயிரத்துக்கு 74. முப்பதாயிரத்துக்கு 111. விமானங்களில் 100 வாட் அவர் வரை உள்ளவற்றைத் தனி அனுமதியின்றிக் கைப்பையில் கொண்டு செல்லலாம். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன்னனுமதி வேண்டும். அதற்கும் மேற்பட்டது பயணியிடம் இருக்கவே கூடாது. அளவு அச்சிடப்படாத மலிவுச் சரக்கை விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துக்கொண்டாலும் கேட்பதற்கில்லை.

“பெரியதை வாங்கிச் சென்னையில் குப்பைத் தொட்டியில் போடுவதைவிட, சிறியதை வாங்கிச் சீமை வரை கொண்டு போங்கள்” என்று சொல்லி, பத்தாயிரம் எம்.ஏ.எச். அளவுள்ள ஒன்றைக் கொடுத்தார். “இது இரண்டு முறை நிரப்புமா?” என்று கேட்டேன். நிரப்பாது என்றார். உள்ளிருக்கும் மின்சாரம் 3.7 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு உயர்த்தப்பட்டே வெளியே வருகிறது. அந்த மாற்றத்திலும் கம்பியிலும் வெப்பமாக ஒரு பகுதி வீணாகும். ஆகையால் பத்தாயிரம் என்று எழுதியிருந்தாலும் நம் கைக்கு வருவது ஆறாயிரத்துச் சொச்சமே. ஐயாயிரம் எம்.ஏ.எச். உள்ள இன்றைய கைப்பேசியை ஒரு முறை முழுமையாக நிரப்பி, இன்னும் கொஞ்சம் மிஞ்சும். ஒரு நாள் பயணத்துக்கு அது போதும்.

அவர் சொன்ன இன்னொன்றை அன்பர்கள் மறவாமல் நினைவில் கொள்ள வேண்டும். பவர் பேங்கை ஒருபோதும் விமானத்தில் ஏற்றி அனுப்பும் பெரிய பெட்டியில் வைக்கலாகாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் எளிதில் அணையாது. கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் விமானப் பணியாளர்கள் உடனே கவனிப்பார்கள். அடியில் சரக்கறையில் என்றால் யாருக்குத் தெரியும்? 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற விமானம் ஒன்று தீப்பிடித்து எரிந்த பிறகு, விமான நிறுவனங்கள் பலவும் விதிகளைக் கடுமையாக்கின. சில நிறுவனங்கள் பயணத்தின்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது என்கின்றன. சில, ஒருவருக்கு ஒன்று மட்டும் என்கின்றன. ஆகவே சீட்டு வாங்கிய நிறுவனத்தின் விதியைப் புறப்படுமுன் கேட்டுக்கொள்வது நலம்.

தீயைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் பக்கத்துத் துயரம் ஒன்று நெஞ்சை அழுத்துகிறது. 2022 மார்ச் மாதத்தில், வேலூரில் ஒரு வீட்டில் இரவு மின்னேற்றத்தில் விட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அன்று முதல் எங்கள் வீட்டில் எந்த மின்கலத்தையும் இரவில் மின்னேற்றத்தில் விட்டுவிட்டு உறங்குவதில்லை. தலையணைக்கு அடியிலோ, மெத்தைமேலோ, துணிக்குள் சுற்றியோ கைப்பேசிக்கு மின்னேற்றக் கூடாது. உப்பிப்போன, கீழே விழுந்து நசுங்கிய பவர் பேங்கை இரக்கமின்றி விலக்கிவிட வேண்டும். பூசை அறையில் விளக்கேற்றிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போக மாட்டோம் அல்லவா? அதே விழிப்பு இதற்கும் வேண்டும்.

அடுத்தது சுவரில் செருகும் சார்ஜர். அதன்மேல் பொடி எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் எந்த நாட்டு மின்சாரத்துக்கும் ஒத்துவரும்; மாற வேண்டியது முள் மட்டுமே. நம் ஊர் மெல்லிய இரட்டை முள் சார்ஜர் ஜெர்மனியில் அப்படியே பொருந்தும். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து செல்வோருக்குப் பட்டையான மூன்று முள் கொண்ட இணைப்பான் தேவை. அமெரிக்காவில் பட்டையான இரட்டை முள்; அங்கே மின்சாரமும் 120 வோல்ட்டே. ஆகையால் இங்கிருந்து மிக்சியையோ கிரைண்டரையோ பாசத்தோடு சுமந்து செல்வது வீண்.

இனி இணையம். நம் ஊர்ச் சிம் கார்டை அப்படியே வெளிநாட்டில் பயன்படுத்துவது ரோமிங். புறப்படுமுன் அதற்குரிய பொதியை வாங்கிச் செயற்படுத்த வேண்டும். வாங்காமல் டேட்டா ரோமிங்கைத் திறந்து வைத்தால், கைப்பேசி தானாகவே இணையத்தை இழுத்துக்கொண்டு, மாதக் கடைசியில் நெஞ்சு பதறும் கட்டணத்தைக் காட்டும். இரண்டாவது வழி, அந்நாட்டிலேயே சிம் வாங்குவது. ஜெர்மனியில் கடவுச்சீட்டைக் காட்டி அடையாளம் சரிபார்த்த பிறகே முன்பணச் சிம் செயற்படும். 2017 முதல் அதுவே சட்டம். அவ்வாண்டு ஜூன் மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கூடுதல் ரோமிங் கட்டணமும் நீங்கிவிட்டதால், ஜெர்மனியில் வாங்கிய சிம் பிரான்சிலும் இத்தாலியிலும் வழக்கம்போல் பேசும். சுவிட்சர்லாந்து அவ்வொன்றியத்தில் இல்லை. அங்கே செல்வோர் தனியே விசாரிக்க வேண்டும். மூன்றாவது வழி, அட்டையே இல்லாத இ-சிம். நம் கைப்பேசி அதை ஏற்குமாயின், வீட்டில் வைஃபை இருக்கும்போதே பிள்ளைகளைக் கொண்டு பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

எவ்வழியைத் தேர்ந்தாலும் நம் இந்தியச் சிம்மைக் கழற்றி எங்கேனும் வைத்துவிடக் கூடாது. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் அந்தச் சிம்முக்குத்தான் வரும். இரண்டு சிம் ஏற்கும் கைப்பேசியில் ஒன்றை அதற்கென்று விட்டு, அதில் டேட்டாவை மட்டும் மூடி வைக்கலாம். குறுஞ்செய்தி வர ரோமிங் வசதி திறந்திருக்க வேண்டும் என்பதால் அதையும் ஊரிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவை அனைத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒன்றுவிடாமல் செய்தேன் என்று பெருமையோடு புறப்பட்டேன். ஆனால் ஒரு தவறு செய்தேன். சிக்கனம் என்னும் பெயரில் செய்த தவறு அது. “இருவரும் சேர்ந்தேதானே இருக்கப்போகிறோம், இரண்டு இணைப்பு எதற்கு?” என்று ஜெர்மனியில் என் கைப்பேசிக்கு மட்டும் சிம் வாங்கிக்கொண்டேன். என் துணைவியாரின் கைப்பேசி வீட்டு வைஃபையில் மட்டும் பேசும். மகள் மறுத்துப் பார்த்தாள், நான் கேட்கவில்லை. பிறகு அவள் ஒரு தாளில் ஜெர்மன் மொழியில் சில வரிகளை எழுதி, தன் கைப்பேசி எண்ணையும், இறங்க வேண்டிய ஊரின் பெயரையும் பெரிய எழுத்தில் குறித்து, அம்மாவின் கைப்பையில் வைத்தாள். “பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சட்டையில் ஊக்கு குத்தி முகவரி எழுதுவதுபோல் இருக்கிறதே” என்று கேலி செய்தேன்.

ஜெர்மனியின் ஹாம் நகரில், உயென்ட்ரொப் என்னும் பகுதியில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. 1980-களில் போரினால் இலங்கையை விட்டு அகதிகளாக அந்நாட்டுக்குச் சென்ற ஈழத்துத் தமிழர்கள், சிறிய இடத்தில் அம்பாளை வைத்து வழிபடத் தொடங்கினார்கள். அவ்வழிபாடே வளர்ந்து, 2002-ஆம் ஆண்டு ஜூலையில் திராவிட மரபில் சுமார் 17 மீட்டர் உயர இராஜகோபுரத்துடன் கும்பாபிஷேகம் கண்டது. அதன் தேர்த்திருவிழாவைக் காண நானும் துணைவியாரும் தனியே ரயிலேறினோம். மகளுக்கு அன்று பணி.

வழியில் ஒரு நிலையத்தில் வண்டி மாற வேண்டும். அதுவரை சன்னலோரம் அமர்ந்து ஆற்றையும் குன்றுகளையும் படம் பிடித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் குகைப்பாதைகள். குகைக்குள் கைப்பேசி அலைவரிசையைத் தேடித் தேடிக் களைக்கும். அதனாலும் மின்கலம் விரைவில் வற்றும் என்பது பின்னர் அறிந்தது. இறங்கும்போது திரை கறுத்துவிட்டது. “பவர் பேங்க் என் பையில் இருக்கிறதுங்க, எடுக்கட்டுமா?” என்றார் துணைவியார். “அடுத்த வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்” என்றேன்.

அதற்குள் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். கூட்டம் முழுவதும் எழுந்து வேறொரு நடைமேடைக்கு ஓடியது. வண்டி வரும் மேடை மாறிவிட்டது என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார். நாங்களும் விரைந்தோம். துணைவியாரை முன்னே ஏற்றிவிட்டேன். தோளில் மாத்திரைப் பை இருந்தது; தயிர்சாதம் வைத்திருந்த பையைக் காணோம். சில அடி தூரத்தில் கீழே வைத்தது நினைவுக்கு வர, எடுக்கத் திரும்பினேன். எடுத்துக்கொண்டு வருவதற்குள் கதவுகள் மூடிக்கொண்டன. கண்ணாடிக்கு அப்பால் அவர் முகம் தெரிந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

நாற்பத்தைந்து ஆண்டு இல்வாழ்வில் அவரை அப்படி ஒருநாளும் விட்டதில்லை. அவருக்குச் சர்க்கரை நோய். மணி பன்னிரண்டு. உணவும் மாத்திரையும் என்னிடம். மின்கலமும் கம்பியும் முகவரித் தாளும் அவரிடம். என் கையில் இருந்ததோ ஒரு கறுத்த கண்ணாடித் துண்டு. மகளின் எண்ணை மனப்பாடமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவனுக்குத் தன் பிள்ளையின் எண் தெரியவில்லை. “மார்க்கபந்து” என்று மட்டுமே வாய் முணுமுணுத்தது.

நிலையத்துத் தகவல் கூடத்துக்கு வழி கேட்டுச் செல்லும் வழியில் ஒரு சிற்றுண்டிக் கடை இருந்தது. அங்கிருந்த இளைஞனிடம் கைப்பேசியைக் காட்டிச் சைகை செய்தேன். அவன் தன் கம்பியை எடுத்துச் செருகி, ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டான். திரையில் ஒளி வருவதற்குச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். எனக்கு அது ஒரு யுகம். ஒளி வந்ததும் மணி ஒலித்தது. மகள்.

“அப்பா, எங்கே இருக்கிறீர்கள்? எத்தனை முறை கூப்பிடுகிறேன்! அம்மா நலம். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி அந்தத் தாளைப் படித்துவிட்டு எனக்குப் பேசினார். அம்மாவை ஹாமில் இறக்கிவிட்டு, நீங்கள் வரும்வரை தாமும் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. கைப்பேசி நிரம்பும்வரை அங்கேயே உட்காருங்கள்.”

ஹாம் நிலையத்தில் நான் இறங்கியபோது, நடைமேடை இருக்கையில் என் துணைவியாரும், வெண்ணிறக் கூந்தல் கொண்ட ஜெர்மானிய மூதாட்டி ஒருவரும் அருகருகே அமர்ந்திருந்தார்கள். மூதாட்டி கொடுத்த ரொட்டியைப் பாதி தின்று, பாதியை எனக்கென்று வைத்திருந்தார் என் துணைவியார். “என்னங்க, பசிக்குதா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் பதில் சொல்ல முடியாமல் மாத்திரைப் பையை நீட்டினேன். மூதாட்டியின் மொழி எங்களுக்குத் தெரியாது. எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. கைகூப்பினோம். அவரும் கைகூப்பிவிட்டுத் தம் வழியே சென்றார்.

அம்பாள் ஆலயத்தை அடைந்தபோது பிற்பகல். தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் எழுந்து நிற்கிறது. நாதசுர ஒலியும், காவடிகளும், சிதறு தேங்காயும், பட்டுப் பாவாடைச் சிறுமியரும் சூழ, ஒரு கணம் காஞ்சியில் இருக்கிறோமோ என்று தோன்றியது. அருகிலுள்ள கால்வாயே அவர்களுக்குத் தீர்த்தம். சொந்த மண்ணை இழந்து, கையில் ஒன்றுமின்றி வந்தவர்கள் அம்பாளை மட்டும் விடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். வாயிலுக்கு வெளியே மலைபோல் குவிந்திருந்த காலணிகளைப் பார்த்து என் துணைவியார், “இவற்றில் எத்தனை சோடி நம் ஊர்ப் பெண்கள் தைத்ததோ!” என்றார். அம்மன் சந்நிதியில் நாங்கள் இருவரும் கைபிடித்தபடியே நின்றோம். எங்களைப் போன்ற முதியவர்கள் அப்படி நிற்பது வழக்கமில்லை, அன்று நின்றோம்.

மறுநாளே இரண்டாவது சிம் வாங்கினேன். இப்போது எங்கள் பயண முறை இதுதான். இருவருக்கும் தனித்தனிக் கைப்பேசி, தனித்தனி இணைப்பு, தனித்தனிப் பவர் பேங்க், தனித்தனிக் கம்பி. ஒருவர் பையை மற்றவர் நம்பியிருப்பதில்லை. மாத்திரையையும் இரண்டாகப் பகுத்து இருவர் பையிலும் வைக்கிறோம். முகவரித் தாளும் இரண்டு. பிள்ளைகளின் எண்கள், தங்குமிடம், உடல்நலக் குறிப்பு ஆகியவை அந்நாட்டு மொழியில் அதில் இருக்கும். ஊர் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்கிறோம்; அது இணையமின்றியும் வழி காட்டும். திரையின் ஒளியைக் குறைத்து வைக்கிறோம். மின்கலம் பாதியாகக் குறைந்தவுடன் நிரப்புகிறோம். பத்துக்கு இறங்கும்வரை காத்திருப்பதில்லை. எவரேனும் ஒருவர் வண்டியைத் தவறவிட்டால், ஏறியவர் இறங்க வேண்டிய ஊரிலேயே இறங்கிக் காத்திருக்க வேண்டும். தேடிக்கொண்டு திரும்பி வரக் கூடாது என்றும் பேசி வைத்திருக்கிறோம். மகளின் எண்ணை நாள்தோறும் காலையில் ஸ்தோத்திரம் முடிந்தவுடன் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

ஊர் திரும்பிய வாரத்தில் மீண்டும் விரிஞ்சிபுரம் சென்றோம். மிளகு வணிகருக்குக் குதிரை வீரனாக வந்த பெருமான், எங்களுக்கு ஒருமுறை சிற்றுண்டிக் கடை இளைஞனாகவும், ஒருமுறை வெண்கூந்தல் மூதாட்டியாகவும் வந்தார் என்று அர்ச்சனை செய்த குருக்களிடம் சொன்னேன். அவர் கற்பூரத் தட்டை நீட்டியபடியே, “வணிகரும் மூட்டையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதானே ஐயா புறப்பட்டிருப்பார்?” என்று புன்னகைத்தார்.

பிராகாரத்தில் நேரம் காட்டும் கல்லருகே சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். கைப்பேசிகள் இரண்டும் வண்டியில் இருந்தன. நிழல் பதினொன்றைத் தொட்டபோது என் துணைவியார் எழுந்து, “மாத்திரைக்கு நேரமாச்சுங்க” என்றார். இருவரும் அவரவர் பையைத் திறந்தோம்.